மஞ்சள் தொப்பிக்காரர்

“இன்னும் பத்து நிமிஷம்தானாம், அக்கா” என்று சொல்லிவிட்டுக் குணா முகத்தை மூடிக்கொண்டான்.

மாடி வீட்டுப் பையன் படியில் உட்கார்ந்து அழுதால் அந்தமான் சிப்பிகாட்டில் எங்கள் லைன் சும்மா இருக்குமா? அன்று தண்ணீர் வருகிற நாள். எங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஆறு மணிக்குத்தான் குழாயில் வரும். முதல் குடத்தைக் குழாயடியில் வைத்த சொர்ணம்மா, அதை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள் என்றால் விஷயம் எவ்வளவு பெரிது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மதியமே அவளுக்குச் சந்தேகம்தான். பையன் ஆபீசுக்கு லீவு, சவரம் இல்லை, சமையல் வாசனையும் இல்லை. மெயின்லேண்டில் இருக்கும் அம்மாவுக்குத்தான் ஏதோ என்று அவளே முடிவு செய்து, மூன்று மணியிலிருந்து அடுப்படியில் நின்று இட்லி அவித்து, தூக்கில் கையோடு கொண்டு வந்திருந்தாள். துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாதில்லையா.

கீழ் வீட்டுக் கண்ணையா அதற்கும் மேல். கடல் தாண்டிப் போக வேண்டிய சாவு என்றால் எங்கள் ஊரில் கண்ணீருக்கு முன்னால் டிக்கெட். போனில் யாரையோ பிடித்து, “பாய்சாப், எமர்ஜென்சி ஹை! சென்னைக்கு ஏக் டிக்கெட். கப்பலோ பிளைட்டோ, குச் பி சலேகா, எதுன்னாலும் சரி!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

குணா நிமிர்ந்தான். “டிக்கெட் எதுக்கு அண்ணே?”

“எதுக்கா? அம்மா முகத்தப் பாக்க வேணாமா?”

“அம்மா நல்லாத்தான் இருக்காங்க. கேம் கேன்சல் ஆயிருச்சு.”

“என்னது?”

“போன்ல ஆடுற கேம், அண்ணே. ஆளுக்கொரு தீவு குடுப்பான், மீன் பிடிக்கலாம். ஒரு வருஷமா சோதனைக்குத்தான் விட்டிருந்தான். இப்ப முழு கேமே வராது, இதையும் இன்னைக்கு மூடுறோம்னு ஒரு வாரமா இங்கிலீஷ்ல போட்டுக்கிட்டே இருக்கான்.”

இருக்கிற தீவு போதாதென்று போனில் வேறு ஒரு தீவு! கண்ணையா தலையில் அடித்துக்கொண்டார். “அரே பாப்ரே! இதுக்கா நான் அந்த ஆளுகிட்ட கெஞ்சினேன்?” என்று டிக்கெட்டை ரத்து செய்யப் போனோடு இறங்கிப் போனார்.

“எப்ப மூடுறானாம்?” என்றாள் சொர்ணம்மா. அவளுக்கு எதிலும் முழு விவரம் தெரிந்தாக வேண்டும்.

“இதோ, இன்னும் ஒரு நிமிஷந்தான்.” குணா போனை அவள் பக்கம் திருப்பினான். “கேம் போனாப் போகுதுக்கா. அதுல ஒருத்தர் வருவாரு, மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு. தெனம் சாயங்காலம் என் பக்கத்துல உக்காந்து மீன் பிடிப்பாரு. அதுல பேச முடியாது, கை மட்டும் ஆட்டலாம். பேரு, ஊரு ஒண்ணும் தெரியாது.”

“ம்.”

“ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆறு மணிக்கு டக்குனு எந்திரிச்சுப் போயிருவாரு, அரை மணி கழிச்சுத்தான் வருவாரு. அங்கயும் நம்மள மாதிரி நெட் படுத்துது போல. இன்னைக்குன்னு பாத்து ஆளையே காணோம். மூணு மணியிலேருந்து உக்காந்திருக்கேன்.”

சொர்ணம்மா வாயைத் திறக்கவில்லை. எங்கள் லைனில் இது முதல் தடவை.

“நேத்து என் படகை அவரு தொறையில கட்டிட்டு வந்தேன், ஞாபகமா இருக்கட்டும்னு. பாத்தாரோ என்னவோ. இனிமே அவர எங்கன்னு தேடுவேன்?”

திரையில் ஆங்கிலத்தில் ஒரு நன்றி வந்தது. பிறகு வெறும் வெள்ளை.

இரண்டு வருடமாக எதிர் வீட்டு மாடியிலேயே இருக்கிறான். சொர்ணம்மா ஒரு நாள்கூட அவனைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? புருஷன் போய், மகளும் சென்னையோடு தங்கிவிட்ட பிறகு ஓர் ஆள் சமையல்தான். மகள் அனுப்பிய போன் ஒன்றுதான் துணை.

கீழே அவள் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, இட்லித் தூக்கைத் திறந்து அவன் மடியில் வைத்தாள்.

“பாத்தேன்டா. அந்தச் செவப்புப் படக வச்சுக்கிட்டு இனிமே நான் என்ன பண்ண?”