தீனி நேரத்து விசில்

அட்டைப்பெட்டிக்குள் ராஜாளி நகத்தால் கீறுவது அவள் மடியில் தெரிந்தது.

ஜீப் ஏரிக்கரையில் நின்றது.

சின்ன ராஜாளி. ஒரு கைக்குள் அடங்கிவிடும். பறவைகள் மறுவாழ்வு மையத்துக்கு வந்தபோது இறக்கையில் ஏர்கன் குண்டு இருந்தது. யார் சுட்டது என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் ஏரிக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் பந்தயப் புறா வளர்க்கிறார்கள். ராஜாளியின் நிழல் பட்டாலே புறாக்கள் மிரண்டு கலைந்துவிடும் என்று அவர்களுக்கு ஆத்திரம்.

குணமான பறவையை, கிடைத்த இடத்திலேயே விடுவது மையத்தின் வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. முகத்தை மூடிக்கொண்டுதான் தீனி வைக்க வேண்டும். பேச்சு கூடாது. மனிதர்களிடம் பயம் விட்டுப்போன பறவை வெளியே பிழைக்காது.

இதற்குத் தீனி வைத்தது அவள்தான். முகத்தைக் காட்டவில்லை. பேசவும் இல்லை.

ஆனால் முதல் வாரம் அது ஒரு வாய் தின்னவில்லை. கண் உள்ளே போய்விட்டது. பார்க்கப் பொறுக்காமல், கறித்துண்டை நீட்டி மெல்ல விசிலடித்தாள்.

தின்றது.

அப்புறம் எப்படி நிறுத்துவது? போகப்போக, விசில் கேட்டாலே கூண்டின் அந்தக் கோடியிலிருந்து பறந்து வந்து அவள் கைமேல் உட்கார்ந்தது. பெற்ற பிள்ளை ஓடிவந்த மாதிரி இருந்தது அவளுக்கு. யாரிடமும் மூச்சு விடவில்லை.

மையத்தின் டாக்டர் எட்வின் பெட்டியைத் திறந்தார்.

ராஜாளி கொஞ்சம் தயங்கியது. பிறகு விருட்டென்று எழும்பி, தண்ணீரை ஒட்டிப் போய், உயர்ந்தது. இறக்கையில் ஒரு குறையும் இல்லை.

"பாத்தியாம்மா, நம்ம பக்கம் திரும்பிக்கூட பாக்கல. இதான் வேணும்."

அது பிழைத்துக்கொள்ளும் என்று அப்போதுதான் முழுசாக நம்பினாள்.

வெயில் தாழ்ந்திருந்தது. அந்தப் பக்கத்துத் தெருவில், ஒரு மொட்டைமாடியில் பனியன் போட்ட ஆள் ஒருவன் வந்து நின்றான். அவன் தலைக்கு மேலே புறாக்கள் வட்டமடித்துக்கொண்டிருந்தன.

புறாக்களைக் கூட்டுக்கு இறக்கும் நேரம்.

அவன் இரண்டு விரலை வாயில் வைத்தான்.

விசில் தண்ணீர்மேல் தெளிவாக வந்தது.

ராஜாளி நடுவானில் திரும்பியது. மாடியைப் பார்த்து இறங்கத் தொடங்கியது.

அவள் உதட்டைக் குவித்தாள். டாக்டர் அவளையே பார்த்தார். பார்க்கட்டும்.

வறண்ட வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

மாடியில் அந்த ஆள் அண்ணாந்து பார்த்தான். கையைக் கீழே போட்டான். பிறகு, ராஜாளியிலிருந்து கண்ணை எடுக்காமல், மறுபடியும் இரண்டு விரலை வாய்க்குக் கொண்டுபோனான்.