காலையில் அழித்த வரி

ஏழாவது முறையும் சர்வர் அவளை உள்ளே விடவில்லை.

அனுமதி மறுக்கப்பட்டது.

அவ்வளவுதான் பதில். ஏன் என்று சொல்லும் பழக்கம் அதற்கு இல்லை.

மணி இரண்டரை. வருகிற அழைப்புகளை வாங்கி ஆம்புலன்ஸ்களுக்கு அனுப்பும் நிரல் இருபது நிமிடமாக நின்று கிடக்கிறது. உள்ளே போய் ஒரு வரி தட்டினால் எழுந்துவிடும். முதலில் உள்ளே போக வேண்டும்.

வாசலில் ஒன்பது வண்டிகள் சும்மா நின்றன. ஓட்டுநர்கள் நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு அமைதியான மதியத்தை அந்த அலுவலகம் பார்த்ததே இல்லை.

அழைப்பெடுக்கும் ஆவுடையம்மாள் தன் சொந்தப் போனைக் காதில் இடுக்கியபடி ஒரு முகவரியை எழுதினாள். முக்கூடலிலிருந்து, அவளுக்குத் தெரிந்த ஒருவர். அப்பாவுக்கு நெஞ்சுவலியாம். நம் எண்ணுக்கு நான்கு முறை அடித்தாராம், நான்கு முறையும் தானாகவே கட்டாகிவிட்டதாம்.

ஒரு வண்டி புறப்பட்டது. மீதி எட்டும் நின்றன.

ஆவுடையம்மாளின் எண் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். இணையம் ஓடுகிறது. சர்வரின் முகவரி சரி. பயனர் பெயர் சரி. எட்டாவது முறை தட்டினாள்.

அனுமதி மறுக்கப்பட்டது.

கடவுச்சொல் போட்டு நுழையும் வழியை எப்போதோ அடைத்தாயிற்று. சாவி மட்டும்தான். சாவி என்றால் அவள் கணினியில் கிடக்கும் ஒரு கோப்பு. அதன் ஜோடி சர்வரில் ஒரு வரியாக இருக்கும். இரண்டும் பொருந்தினால் திறக்கும். இன்னொரு வழியும் உண்டு, முதலாளியின் போனுக்கு வரும் ஓ.டி.பி. முதலாளி திருப்பதியில் தரிசன வரிசையில் நிற்கிறார். போன் கவுன்டரில் இருக்கிறது.

காலையில் திறந்த சாவிதானே இது?

சாவியின் ஜோடியைத் தன் கணினியிலேயே திறந்து பார்த்தாள். நீளமாக, தலையும் காலும் புரியாத எழுத்துகள். கடைசியில் மட்டும் புரிகிற ஒரு பெயர்.

இசக்கிராஜா.



நான்கு வருஷத்துக்கு முன்னால் சர்வரை அமைத்தவன் அவன். இப்போதைக்கு இது போதும் என்று தன் சாவியையே பென் டிரைவில் எல்லோருக்கும் நகலெடுத்துக் கொடுத்தான். அந்த இப்போதைக்கு நான்கு வருஷம் ஓடிவிட்டது. அலுவலகத்தில் யாருக்கும் தனிச் சாவி கிடையாது.

மேலாளர் என்ற முறையில் இன்று காலை பதினொரு மணிக்கு அவனை வேலையிலிருந்து நிறுத்தினாள். போட்டி நிறுவனத்துக்கு விவரங்களைக் கொடுக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். அவள் விசாரிக்கவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவனிடம் போனில் சொன்னாள். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே சர்வரில் அவன் பெயரைத் தேடி அந்த வரியை அழித்தாள். அங்கே இருந்ததே அந்த ஒரு வரிதான் என்பதைக் கவனிக்கவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டது வேறு.

வெட்கம் பிடுங்கித் தின்றது. போன் செய்தாள்.

எடுத்தான். அவள் தட்டுத்தடுமாறி நடந்ததைச் சொன்னாள்.

"நான் இன்னும் உள்ளதான் இருக்கேன் மேடம். காலையில தொறந்த விண்டோவ மூடலை."

வரியை அழித்தால் இனிமேல் வருகிறவனைத்தான் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பவனை வெளியே தள்ளாது. மூன்றரை மணி நேரம். எல்லா அழைப்புகளும் எல்லா முகவரிகளும் அவன் கைக்கெட்டும் தூரத்தில். வந்தது பயமா நிம்மதியா என்று அவளுக்கே தெரியவில்லை.

பேசிக்கொண்டே அவன் அங்கிருந்து அந்த ஒரு வரியைத் தட்டினான். ஆவுடையம்மாளின் மேஜையில் மணி அடித்தது. உடனே இன்னொன்று. ஓட்டுநர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடினார்கள்.

அவன் புதுச் சாவி ஒன்று உருவாக்கச் சொன்னான், அவள் பெயரில் மட்டும். அவள் அதன் ஜோடியை அனுப்பினாள், அவன் அதைச் சர்வரில் சேர்த்தான். தட்டினாள்.

திறந்தது.

முதலில் சாவிகளின் கோப்பைத்தான் பார்த்தாள். தன் வரிக்குக் கீழே அவனுடைய வரியையும் திரும்பப் போட்டிருப்பான் என்று நினைத்தாள். அவன் இடத்தில் இருந்திருந்தால் அவள் அதைத்தான் செய்திருப்பாள்.

ஒரே ஒரு வரி இருந்தது. அவளுடையது.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். இரண்டு பேர்.

"அப்ப நான் மூடிரட்டுமா மேடம்?"

மூடினால் அவனால் திரும்ப வர முடியாது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது?

மறுபடியும் பட்டியலைப் பார்த்தாள்.

ஒரே ஒருத்தர்.

போனை மட்டும் அவன் இன்னும் வைக்கவில்லை.