பதில் மரியாதை

"சுசீலா, உங்க அண்ணன் என்னை ஃபாலோ பண்ணியிருக்காரு."

நாச்சிமுத்து செல்போனைத் தள்ளிப் பிடித்து, கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றி, இன்னொரு தடவை படித்தார். 'லிங்கசாமி பிக்கட்டி' என்று ஊரோடு சேர்ந்த பெயர். படத்தில் ஒரு கூடை கேரட். மச்சானின் முகம் மறந்தாலும் மச்சான் விளைவித்த கேரட் மறக்குமா என்ன.

தோசை வார்த்துக்கொண்டிருந்த சுசீலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பண்ணா பண்ணிட்டுப் போறாருங்க. நீங்க கண்டுக்காதீங்க."

"ஏம்புள்ள, ஊட்டு வாசல்ல வந்து நிக்கறவங்கள வாங்கன்னு சொல்லாம இருப்போமா?"

குன்னூர் மார்க்கெட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நாச்சிமுத்துவுக்கு மரியாதைதான் உயிர். கடைக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று மகள் இந்து நாலு மாதம் முன்பு அவருக்கு இன்ஸ்டாகிராம் தொடங்கிக் கொடுத்தாள். மனுஷர் அதையும் கல்யாண வீடாக்கிவிட்டார். யார் ஃபாலோ செய்தாலும் அன்றைக்கே திருப்பி ஃபாலோ செய்வார். தெரிந்தவர் என்றால் போன் போட்டு, "வந்ததுக்கு ரொம்ப சந்தோஷமுங்க" என்பார். இவர் ஃபாலோ செய்து மூன்று நாளாகியும் எதிராளி திருப்பிச் செய்யவில்லையென்றால் நேரே போய், "ஏனுங்க, நம்ம மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?" என்று கேட்டுவிடுவார். பூண்டு மண்டி கமலேஷ் ஒருநாள் கை தவறி அன்ஃபாலோ செய்துவிட்டு, ஒரு கிலோ பூண்டோடு வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டான். பூண்டை வாங்கிக்கொண்ட பிறகுதான் நாச்சிமுத்துவின் முகம் தெளிந்தது.

இந்த மரியாதைதான் மச்சான் உறவையும் கெடுத்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் லிங்கசாமி புது வீடு குடிபோனபோது, நேரில் வந்து அழைக்காமல் போனில் சொல்லிவிட்டார். நாச்சிமுத்து போகவில்லை. மாப்பிள்ளை வரவில்லையே என்று அவரும் முறுக்கிக்கொண்டார். அவர் முதலில் வரட்டும் என்று இவர், இவர் முதலில் வரட்டும் என்று அவர். ஏழு வருஷமாகச் சுசீலா பிறந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை.

இப்போது மூன்று வாரத்தில் இந்துவுக்குக் கல்யாணம். மாலை போட வேண்டிய தாய்மாமனுக்கு இன்னும் பத்திரிகை போகவில்லை. மாமா இல்லாமல் மணவறைக்கு வரமாட்டேன் என்று ஒரு வாரமாக மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த இந்து, இப்போது ஓடிவந்து போனைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"அப்பா, மாமாவே முதல்ல வந்துட்டாரு பாருங்க."

"அதென்ன பெரிய விஷயம்?" என்றாள் சுசீலா. "விரலால ஒரு தடவை தொட்டுட்டா வந்தாச்சுன்னு ஆயிருமா? நேர்ல வரட்டும். நீங்க எறங்கிப் போகாதீங்க."

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"கூடப் பொறந்தவ பேசற பேச்சா இது? அவரே வந்ததுக்கு அப்புறம் நான் போகலைன்னா, மரியாதை கெட்டவன் நாந்தான். இன்னைக்கு ஞாயித்துக்கெழமை, கடையும் லீவு. பத்திரிகையும் வெத்தலை பாக்கும் எடுத்து வை, போலாம்."

"நான் வரலீங்க."

"நீ வர்றே."

திருப்பி ஃபாலோ செய்கிற பட்டனை அழுத்திவிட்டு அவர் சட்டை மாற்றப் போனார். சுசீலா முணுமுணுத்தாள். முணுமுணுத்துக்கொண்டேதான் பட்டுப்புடவையும் கட்டினாள்.

பிக்கட்டியில் லிங்கசாமி வீட்டு வாசலில் கேரட் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். பத்திரிகைத் தட்டோடு தங்கையும் மாப்பிள்ளையும் வந்து நின்றதைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

"மச்சான், பெரிய மனசு பண்ணி நீங்க முதல்ல வந்தீங்க," என்றார் நாச்சிமுத்து. "நாந்தான் வீம்பு புடிச்சு ஏழு வருஷத்தை வீணாக்கிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

லிங்கசாமி ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்காமலே மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார்.

"நேர்ல வந்து கூப்பிடாதது என் தப்புதானுங்க மாப்ள. எத்தனையோ நாள் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து, வெக்கப்பட்டுத் திரும்பிப் போயிருக்கேன். என் மருமகளுக்கு நான் மாலை போடாம வேற யாருங்க போடறது?"

இரண்டு பேரும் அழுதார்கள். அழுதுகொண்டே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் பிடியை விடும் முன்பே சுசீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணியைப் பார்க்க வீட்டுக்குள் போய்விட்டாள்.

டீ வந்தது. இருவரும் வாசலில் உட்கார்ந்து குடித்தார்கள்.

"ஒண்ணு சொல்லோணும் மச்சான்," என்றார் நாச்சிமுத்து. "நீங்க மட்டும் இன்ஸ்டாகிராம்ல என்னை ஃபாலோ பண்ணலைன்னா, நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்."

"எதுலீங்க?"

லிங்கசாமி சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினார். பட்டன் போன். பின்மூடி கழன்று விழாமலிருக்க ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதானுங்க மாப்ள. பேசலாம். வேற ஒண்ணும் வராது."

நாச்சிமுத்து திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போதே அவருடைய செல்போன் ஒலித்தது. 'லிங்கசாமி பிக்கட்டி' புதிதாக ஒரு படம் போட்டு அவரை டேக் செய்திருந்தார். கொஞ்ச நேரம் முன்னால் மச்சானும் மாப்பிள்ளையும் கட்டிக்கொண்டு அழுத காட்சி, வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் கம்பி வழியாக எடுத்தது.

அவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சுசீலா தன் செல்போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள்.