சம்பந்திக்கு ஒரு வெள்ளைக் கத்தி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு யாருக்கு எதைக் கொடுப்பது என்ற விவஸ்தையே கிடையாது. கல்யாணத்துக்குக் கத்தரிக்கோல் கொடுக்கிறார்கள், கிரகப்பிரவேசத்துக்கு அரிவாள்மணை கொடுக்கிறார்கள், கேட்டால் பல்லை இளிக்கிறார்கள். இப்படித் திட்டிக்கொண்டேதான் கச்சபேசன் ராஜ வீதிப் பாத்திரக் கடையில் படியேறினார்.

"இன்னாமா, கத்தி இருக்குதா? பரிசு கொடுக்கணும். நல்லா அறுக்கணும்."

கடைப் பெண் வள்ளி தயங்கினாள். "யாருக்குத் தாத்தா?"

"எம் மருமகளோட அப்பனுக்கு. ஆரணிச் சம்பந்திக்கு."

"கத்தி கொடுத்தா உறவு அறுந்துடும்னு சொல்வாங்களே. ஹாட் பாக்ஸ் ஒண்ணு எடுத்துக்குங்க."

"அத வேற கொடுத்தா மூணு வேளையும் சூடாத் துன்னுக்கினு எங்கூட்லயே உக்காந்துடுவாரு. அறுக்கிற சாமானா எடும்மா."

சம்பந்தி குமரகுரு பங்குனி உத்திரம் பார்க்க வந்தவர். வைகாசியில் கருட சேவையும் பார்த்துவிட்டார், இன்னும் கிளம்பவில்லை. கச்சபேசனின் ஒயர் நாற்காலி அவருக்கு, மின்விசிறி அவர் பக்கம், முதல் காபி அவருக்கு. போதாததற்கு, மத்தியானத் தூக்கம் கெடுகிறது, தறியைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள் என்று நெசவுக்காரன் வீட்டிலேயே யோசனை சொல்கிறார்.

வாய்விட்டு 'போய் வாருங்கள்' என்று சொல்லிவிடலாம். சொன்னால் மருமகள் துர்காதேவி ஒரு மாதம் மூக்கைச் சிந்துவாள். இன்று காலை அந்த மனுஷர் துவைத்த தன் வேட்டிகளை எல்லாம் பதவிசாக மடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் கச்சபேசன் முடிவுகட்டிவிட்டார். அடுத்து அலமாரியையும் பிடித்துக்கொள்ளப் போகிறார். இனி கத்திதான் கதி.

வள்ளி ஒரு பெட்டியைத் திறந்தாள். உள்ளே பால் வெள்ளையில் மூன்று கத்திகள். "இது புதுசு தாத்தா. செராமிக்கு. பீங்கான் ஜாதி, துருப் பிடிக்காது."

"பீங்கான்ல கத்தியா? யாருகிட்ட கதை வுடற?"

அவள் ஒரு தக்காளியை எடுத்து மெல்லிசாகச் சீவிக் காட்டினாள். கச்சபேசன் மசியவில்லை. எவர்சில்வர் டம்ளர் வாங்கப் போனாலும் மடியில் காந்தத்தோடு போகிற ஆள் அவர். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உசத்தி.

காந்தத்தை எடுத்துக் கத்தி மேல் வைத்தார். வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது.

"பாத்தியா, ஒசத்தி எவர்சில்வரு. மேல வெள்ளை பெயிண்ட் அடிச்சிட்டு எங்கிட்டயே பீங்கான்ற. கட்டு."

"பூப்போட்ட காகிதம் சுத்தட்டா தாத்தா?"

"சுத்து, சுத்து. பாக்க ஆசையாத்தான் இருக்கணும்."

வீட்டில் சம்பந்தி ஒயர் நாற்காலியில்தான் இருந்தார். கச்சபேசன் முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொண்டு பெட்டியை நீட்டினார். "ஆரணியில நம்ம சம்பந்தியம்மாவுக்கு உதவும். எடுத்துக்கினு போங்க."

குமரகுரு காகிதத்தைப் பிரித்தார். கத்தியைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று. கச்சபேசனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

சம்பந்தி கத்தியை எடுத்து நகத்தால் சுண்டினார். டீ கிளாஸ் மாதிரி 'டிங்' என்றது. மறுபடி சுண்டினார். அவர் கண் கலங்கிவிட்டது.

"சம்பந்தி, இரும்பு கொடுத்தாத்தான் உறவு அறும். அத யோசிச்சு, பொட்டு இரும்பு இல்லாத கத்தியாத் தேடிப் புடிச்சிருக்கீங்களே. நான் இங்க இருக்கிறது உங்களுக்குப் புடிக்கலன்னுல்ல நெனச்சுக்கினு இருந்தேன்."

"இரும்பு இல்லியா?"

"இது பீங்கான்பா."

கச்சபேசன் கத்தியை வெடுக்கென்று பிடுங்கினார். அடி, நுனி, கைப்பிடி என்று எல்லா இடத்திலும் காந்தத்தை வைத்துத் தேய்த்தார். எங்கேயும் ஒட்டவில்லை.

"அதெப்பிடி இல்லாம இருக்கும்? கைப்பிடிக்குள்ளயாவது ஒரு ஆணி இருக்கும்" என்று முனகியபடி செருப்பை மாட்டிக்கொண்டு கத்தியோடு கடையைப் பார்த்து நடந்தார்.

முதுகுக்குப் பின்னால் சம்பந்தியின் குரல் கேட்டது.

"துர்கா, நாளைக்குக் காலைல ஊருக்குப் போகக் கட்டி வெச்ச பையப் பிரிச்சிடும்மா."