பெயர் சொல்லி அழைக்கவும்

"வணக்கம், திரு..." என்று தொடங்கிய கலைமணிக்கு அதற்குமேல் வாய் வரவில்லை.

ரிசப்ஷன் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர் அறைச் சாவியை நீட்டியபடி காத்திருந்தார். அவர் நிஜ விருந்தாளி இல்லை. கோயம்புத்தூரிலிருந்து தேர்வு வைக்க வந்தவர், அறையைக் காலி செய்கிற விருந்தாளியாக நடித்துக்கொண்டிருந்தார்.

பெயர் அர்த்தநாரி.

திருச்செங்கோட்டுப் பக்கம் தடுக்கி விழுந்தால் ஓர் அர்த்தநாரி மேல்தான் விழ வேண்டும். அது தெரிந்த சங்கதிதான். அதற்காக, ஊரில் இத்தனை தேர்வாளர்கள் இருக்க இவரையா அனுப்ப வேண்டும்?

கலைமணியின் வீட்டுக்காரர் பெயரும் அதுவே.

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால் மகள் சௌமியா சொல்வாள். மகள் கூட வராத நாளில் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து, 'நீங்க சொல்லுங்க' என்று கண்ணைக் காட்டுவாள். மலைமேல் இருக்கிற சாமிக்கும் அதே பெயர் என்பதால் கும்பிடும்போதுகூட "செங்கோட்டுச் சாமீ" என்றுதான் கும்பிடுவாள். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஓட்டல்காரர்களின் சட்டம் வேறு. வணக்கம் சொல்லும்போது ஒரு தடவை, பேச்சின் நடுவில் ஒரு தடவை, விடைகொடுக்கும்போது ஒரு தடவை விருந்தாளியின் பெயரைச் சொல்லியாக வேண்டும். பயிற்சி கொடுக்கும் நித்யஸ்ரீ, கலைமணியைவிட வயதில் சின்னவள்தான், முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"சார்னு கூப்பிட்டா லாபில இருக்கற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பாங்க. பேரைச் சொன்னாத்தான் அந்த ஒருத்தர் திரும்புவார்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். கலைமணி மட்டும் பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இன்று காலை, தேர்வாளர் பெயரைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து நித்யஸ்ரீ விஷயத்தை வாங்கிவிட்டாள். வாங்கிவிட்டுச் சிரித்தாள்.

"இந்தக் காலத்துலயுமா அக்கா? சும்மா சொல்லுங்க. அவருக்குக் கேக்கவா போகுது?"

"கேக்காதுங்க" என்றாள் கலைமணி.

இதில் தேறினால் ரிசப்ஷன் வேலை. தேறாவிட்டால் பழையபடி மாடிக்குப் போய் பாத்ரூம் கழுவ வேண்டும். ஆசிட் பட்டுப் பட்டு விரலிடுக்கில் தோல் உரிந்து, குழம்புச் சோறு பிசைந்தால் எரிகிற கை அது. அந்தக் கையோடு இனியும் பக்கெட்டைத் தூக்க அவளால் ஆகாது.

ஆனாலும் வாய் வரவில்லையே, என்ன செய்ய? "வணக்கம் சார்" என்று ஒப்பேற்றினாள். "ரூமெல்லாம் வசதியா இருந்துச்சுங்களா சார்?" என்று இரண்டாவதையும் ஒப்பேற்றினாள். தூண் ஓரமாக நின்ற நித்யஸ்ரீ, 'பேர், பேர்' என்று சத்தமில்லாமல் வாயசைத்து ஓய்ந்துபோனாள்.

அவர் தலையசைத்துவிட்டுக் கிளம்பினார். மேசைமேல் அவருடைய மாத்திரை டப்பா இருந்தது.

வேண்டுமென்றே எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள், அப்போது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததுதான். எல்லாம் தெரியும்.

ஏற்காடு போகும் கூட்டம் ஒன்று தொப்பியும் பையும் பிள்ளைகளுமாக லாபியை அடைத்துக்கொண்டு நின்றது. அர்த்தநாரி அதற்குள் புகுந்து வாசலைப் பார்த்து நடந்தார்.

"ஏனுங்க!"

அவளை அறியாமல் வந்துவிட்டது. கூட்டத்தில் பாதி ஆம்பளைகள் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை.

"ஏனுங்க! ஏனுங்க!"

இப்போது மொத்தக் கூட்டமும் திரும்பியது. அந்த ஒரு முதுகு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. கண்ணாடிக் கதவு திறந்தது. வெளியே சுற்றுலா வேன் ஒன்று ஹாரன் அடித்தபடி பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. வேனுக்கும் அவருக்கும் நடுவில் இடம் தாராளமாகவே இருந்தது.

கலைமணிக்கு அந்த முதுகும் வேனும் மட்டும்தான் தெரிந்தன. தேர்வு, வேலை, எரிகிற கை, எல்லாம் மறந்துபோனது.

"அர்த்தநாரீ!"

சாரும் இல்லை, ஒரு 'ங்க'வும் இல்லை. நித்யஸ்ரீ தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவர் திரும்பினார்.

திரும்பி வந்து, டப்பாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நல்ல மனுஷர், கோபப்படவில்லை.

"அப்பாடி, என்ன குரலுங்கம்மா! சுடுகாட்டுக்குப் போனவன்கூடத் திரும்பிருவான். அடுத்த தடவை சார் மட்டும் சேர்த்துக்கங்க. பாஸ்."

ஏற்காட்டுக் கூட்டம் எதற்கென்று தெரியாமலே கை தட்டிவிட்டு வேனில் ஏறப் போயிற்று. நித்யஸ்ரீ ஓடி வந்து கலைமணியின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். கலைமணி மேசையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். அழுகை நிற்கவே இல்லை.

"பாஸ் அக்கா! பேர் சொன்னதுக்கா இந்த அழுகை? விடுங்க, உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்."

கலைமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அன்னிக்கும் சந்தைக்குள்ள ஏனுங்க, ஏனுங்கன்னுதான் கத்துனேன் அம்மிணி. சந்தையே திரும்பிப் பாத்துச்சு. அவரு மட்டும் பின்னால லாரி வர்றது தெரியாம போயிட்டே இருந்தாரு."

நித்யஸ்ரீயின் கை அவள் தோளிலேயே நின்றுவிட்டது.

"பேரைச் சொன்னா திரும்புவாங்கன்னு எனக்கு அப்ப யாரும் சொல்லித் தரலீங்களே."