கால் கழுவும் கல்

கொல்லைப் படலைத் திறந்ததும் ஹபீபுல்லாவின் கண் கால் கழுவும் கல்லுக்குத்தான் ஓடும்.

கல்லின் ஓரத்தில் தினமும் காய்கறிக் கழிவு கிடக்கும். ஒருநாள் வெண்டைக்காய்க் காம்பு, ஒருநாள் அவரை நார். எருக்குழி நாலடி தள்ளித்தான் இருக்கிறது. அதுவரை போய்க் கொட்ட அவன் மனைவி அஜீசுன்னிசாவுக்குச் சோம்பல்.

அந்தச் சோம்பல் நீடூழி வாழவேண்டும் என்று அவன் அல்லாவிடம் கேட்காத நாளில்லை.

ஏனென்றால் அவனுக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. வெள்ளைக்காரன் கப்பலேறிய வருஷம் வந்த விஷக்காய்ச்சல், உயிரை விட்டுவிட்டு வாசனையை மட்டும் கொண்டுபோயிற்று. தோல் கிடங்கு வேலைக்கு அது வசதிதான். வீட்டில்தான் வம்பு.

தண்டையார்பேட்டை மணலில் ஆட்டுப் புழுக்கையைக் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, அவள் ஒரு தோட்டத்தையே எழுப்பியிருந்தாள். பறித்த காய் வாடுவதற்குள் சட்டிக்குப் போய்விடும். அவன் படலருகே நின்று மூக்கை உறிஞ்சி, இன்றைக்கு இன்ன காய் என்று கூவுவான். உள்ளிருந்து ஒரு சிரிப்பு வரும்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் நாள் முழுக்கத் தோல்கட்டு தூக்கினான். மூக்கு போன கதை தெரிந்தால் அவள் உடைந்துபோவாள். அதனால் அவன் வாயே திறக்கவில்லை.

இன்று கல்லோரம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பக்கத்து வீட்டுச் செல்லக்கனியின் ஆடு மட்டும் அங்கே நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது.

ஹபீபுல்லாவுக்கு வியர்த்தது. செடிகளைப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. வருவது வரட்டும் என்று மூச்சை இழுத்தான்.

"ஆஹா, வெண்டைக்காய் வதக்கல்! தெருமுனைக்கே வாசன வந்துகினு கீது, அஜீசு!"

சிரிப்பு வரவில்லை.

வெளியே வந்தவள் அவனைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தாள். ஆட்டைப் பார்த்தாள். துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள்.

"நாசமாப் போற ஆடே! அவருக்குன்னு வெச்சத நீ துன்ட்டியே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் காதில் விழாதவன்போல் குனிந்து கால் கழுவினான். கழுவிய காலையே மறுபடியும் கழுவினான். நெஞ்சு நிறைந்துபோய் நிமிர முடியவில்லை. அவள் அவசர அவசரமாக வெண்டைப் பிஞ்சுகளை ஒடிக்கிற சத்தம் கேட்டது.

சோற்றோடு முதலில் வெண்டைக்காய் வதக்கல் வந்தது. பல்லில் நறுக்கென்றது. அதற்குப் பின்னால்தான், தெருவே வாசனை பிடித்திருந்த கத்திரிக்காய் இறால் குழம்பு வந்தது. இரண்டையும் வழித்துச் சாப்பிட்டான்.

மறுநாள் படலைத் திறந்தான். கல்லோரம் ஒன்றுமில்லை.

தலை தூக்கினான். ஆட்டுக்கு எட்டாத சுவர்மேல், உருவிப்போட்ட முருங்கைக்கீரை ஈர்க்குகள். கடல்காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு கூழாங்கல்.

ஹபீபுல்லா மூக்கை உறிஞ்சினான், அடுப்படிவரை கேட்கும்படி.