கண்ணாடித் தொட்டிக் கங்காணி

"வீரம்மா, நீ கடல் ஆள். இதில் எது சாகாது?" என்று துரைசாணி கேட்டாள்.

ஹந்தானைக் காப்பித் தோட்டத்துப் பங்களா விறாந்தையில், தலையணை அளவில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. லண்டனில் அவள் அக்கா வீட்டில் இப்படி ஒன்றுக்குள் கடல் மீன்கள் வாழ்கின்றனவாம். ஆகவே கண்டி மலையிலும் அவை வாழும் என்று துரைசாணி முடிவு செய்திருந்தாள்.

துணி வியாபாரி ஜமால்தீன் கொழும்பிலிருந்து ஒரு பீப்பாய்க் கடல்நீரும் சில சாடிகளும் புதிதாக வந்த ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். கோடு போட்ட குட்டி மீன்கள், இறால்கள், ஒரு நட்சத்திர மீன், சங்குக்குள் குடியிருக்கும் ஒரு சின்ன நண்டு. கடைசிச் சாடியில் கொடுக்குப் பெருத்த ஒரு நண்டு.

இந்த வேலை தனக்கு இனி ஆகாது என்று அவர் வந்ததுமே சொல்லிவிட்டார். மீன்களுக்குக் காவல் இருந்ததில் துணிமூட்டையை ரயிலிலேயே விட்டுவிட்டாராம். அடுத்த முறை தோட்டத்து ஆளைத்தான் அனுப்ப வேண்டும்.

வீரம்மா பங்களா ஆயா. கொழும்பில் தோணி ஏறிப் போகும் அக்கரையில், தொண்டிக் கடற்கரையில் பிறந்தவள். தை மாதம் அங்கே அவள் மகளுக்குக் கல்யாணம். ஊருக்குப் போக அனுமதிச் சீட்டுக் கேட்டபோது தோட்டத்துத் துரை எழுதித் தரவில்லை. போகிறவர்கள் திரும்பி வருவதில்லை என்றார். சீட்டு இல்லாமல் தோட்டத்தைத் தாண்டினால் பொலிஸ் பிடித்துக் கொண்டுவந்துவிடும்.

"தொட்டி சின்னது. ரெண்டு மீன், நட்சத்திர மீன், சங்கு நண்டு, நாலு இறால், அது போதும்," என்றார் ஜமால்தீன். "அந்தப் பெரிய நண்டு வாணாம். அது நான் கறிக்கு எண்டு கொண்டு வந்தது."

துரைசாணி வீரம்மாவைப் பார்த்தாள்.

"சின்னதுகள மட்டும் விட்டா மூலைக்கு மூலை சும்மா கெடக்கும் தொரசாணி. மேல ஒரு பெரிய ஆளு வேணும்."

இது துரைசாணிக்கு உடனே விளங்கியது. தோட்டம் நடப்பதும் கூலிகளுக்கு மேல் ஒரு கங்காணியை வைத்துத்தான். துரை சிரித்துக்கொண்டே நண்டுக்குக் கங்காணி என்று பேர் வைத்தார். ஜமால்தீனுக்கு அன்று கறி இல்லை.

முதலில் இறால்கள் குறைந்தன. ஒளிந்திருக்கும் என்றாள் வீரம்மா. பிறகு மீன்களும் ஒளிந்தன. நட்சத்திர மீனுக்கு ஒரு கை குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணிகள் பார்க்க வந்தபோது, தொட்டியில் கங்காணி மட்டும் இருந்தார், சற்றுப் பருத்து.

விருந்தினர் போனதும் துரைசாணி அழுதாள். துரை உடனே சீட்டு எழுதினார். வீரம்மா கொழும்புக்குப் போய்த் தானே பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும். நண்டு வேண்டாம் என்று எழுதி, அதன் கீழே கோடும் போட்டார்.

கண்டி ரயில் நிலையத்தில் ஜமால்தீன் அவளைக் கண்டார்.

"நீ கடக்கரையில பொறந்தவ. நண்டு மீனத் திங்கும் எண்டு ஒனக்குத் தெரியாதா?" என்றார். "சரி போகட்டும். மீன் கொண்டு வாறதுக்குச் சாடி எங்க?"

வீரம்மாவின் ஒரு கையில் துரையின் சீட்டு இருந்தது. மறு கையில், போன மாதம் அவரிடமே வாங்கிய கல்யாணச் சேலை. அவள் ரயிலேறினாள்.